முதல் உள்விசாரணையை ஏற்பவர்களுக்கு: அனுபவம் எங்கெங்கே கைகொடுக்கும்

நிறுவனங்களில் உள்விசாரணைப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. அது தலையில் வந்து விழுகிறது. கணக்குத் தணிக்கையில் இருப்பவரையோ, மனிதவளப் பிரிவில் இருப்பவரையோ, காவல்துறையிலிருந்து ஓய்வுபெற்றுப் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்தவரையோ ஒரு நாள் மேலாளர் அழைத்து, "ஒரு புகார் வந்திருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை நாள், எத்தனை பேரிடம் பேசலாம், எந்தப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கலாம், முடிவில் யாரிடம் எதைக் கொடுக்க வேண்டும் என்று எதுவும் சொல்லப்பட்டிருக்காது. இந்த வழிகாட்டி அப்படிப் பொறுப்பேற்பவர்களுக்கானது.

இந்த வேலைக்கு இரண்டு வகை அனுபவம் தேவைப்படுகிறது. ஒன்று விசாரணை செய்த அனுபவம். மற்றொன்று ஒரு வேலையைத் தொடங்கி, ஆட்களையும் நாட்களையும் கணக்கிட்டு, முடித்துக் கையளித்த திட்ட மேலாண்மை அனுபவம். முதலாவது மட்டும் உள்ளவர்கள் உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் அறிக்கை வருவதற்குள் சாட்சி வேலையை விட்டுப் போயிருப்பார். இரண்டாவது மட்டும் உள்ளவர்கள் குறித்த தேதியில் அறிக்கை கொடுத்துவிடுவார்கள், ஆனால் அதில் எதுவும் நிரூபிக்கப்பட்டிருக்காது. இரண்டும் உள்ளவர்களிடம் நான் கவனித்தது கூர்மையான மூளையை அல்ல. எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தொடாமல் வைப்பது என்ற வரிசை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. புதியவர் ஒருவர் பிறரிடமிருந்து மிக விரைவாகக் கற்றுக்கொள்ளக்கூடியதும் அந்த வரிசையைத்தான் என்பதால், கீழே உள்ளவற்றை அந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒன்றை வைத்துக்கொள்வோம். ஓசூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. கழிவு இரும்பை மாதந்தோறும் ஒரே காயலான் கடைக்காரர் எடுத்துச் செல்கிறார். அந்த எடையில் மோசடி நடக்கிறது என்று நிர்வாக இயக்குநருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது.

முதற்படி: ஆணையை எழுத்தில் வாங்குங்கள்

வாய்மொழியாக ஒப்படைக்கப்பட்ட விசாரணையை எழுத்தில் வாங்கும்வரை தொடங்கக் கூடாது. பெரிய ஆவணம் எதுவும் தேவையில்லை; ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் விசாரிக்க வேண்டிய கேள்வி என்ன, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, எந்தப் பிரிவுகளின் ஆவணங்களைக் கேட்க உங்களுக்கு அதிகாரம் உண்டு, அறிக்கை யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்பவை இருக்க வேண்டும். எதை விசாரிக்கப் போவதில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிக்கொள்வது நல்லது. கழிவு இரும்பைப் பற்றி விசாரிக்கப் போனவரிடம் கேன்டீன் ஒப்பந்தத்தைப் பற்றியும் நாலு பேர் வந்து சொல்வார்கள். அவற்றைக் குறித்துக்கொண்டு ஆணையிட்டவரிடம் தெரிவிக்கலாம், புதிய எழுத்தாணை இல்லாமல் அவற்றுக்குள் நுழையக் கூடாது. திட்ட மேலாளர்களுக்கு இது பழகிய பாடம். விசாரணையாளர்களுக்குத்தான் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்கும் ஆசை அடங்குவதில்லை.

யார் ஆணையிடுகிறார் என்பதும் முக்கியம். புகாரில் பெயர் வரக்கூடியவரே உங்களை நியமிப்பதாக இருந்தால் அதை அப்போதே சொல்லிவிட வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 177இன்படி, முறைகேடுகளைத் தெரிவிப்பதற்கான ஏற்பாடு இருந்தாக வேண்டும். தக்க சூழ்நிலையில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் அதில் வழி உண்டு.

புகார் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் சில புகார்கள் உங்களுடையவை அல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாராக இருந்தால் அதைத் தனி ஆளாக நீங்கள் விசாரிக்கவே கூடாது. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ள உட்குழுவிடமே அது செல்ல வேண்டும். அக்குழுவுக்கு மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். விசாரணையை 90 நாட்களில் முடித்து, முடிந்த 10 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். "முதலில் நீங்கள் ஒருமுறை அந்தப் பெண்ணிடம் பேசிப் பாருங்களேன்" என்று மேலாளர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் நடத்தப்பட்ட அப்படிப்பட்ட முன்விசாரிப்புகள் பின்னால் குழுவின் விசாரணையையே கெடுத்திருக்கின்றன.

மொட்டைக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்கள் அதை எழுதியவர் யார் என்று தேடுவதில் இறங்குவார்கள். கையெழுத்தை ஒப்பிடுவார்கள், தபால் முத்திரையைப் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் அந்தத் தாளில் சரிபார்க்கக்கூடிய செய்தி ஏதேனும் இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். வண்டி எண், தேதி, தொகை, கடைக்காரரின் பெயர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கடிதம் பயன்படும். வெறும் வசை மட்டும் இருந்தால் அது கோப்பில் கிடக்கட்டும். எழுதியவரைத் தேடத் தொடங்கினால், அடுத்த முறை தகவல் சொல்ல அந்தத் தொழிற்சாலையில் யாரும் முன்வர மாட்டார்கள்.

இரண்டாம் படி: முதல் இரண்டு நாட்களில் அழியக்கூடியவற்றைக் காப்பாற்றுங்கள்

மனிதர்கள் காத்திருப்பார்கள், பதிவுகள் காத்திருக்கா. வாசலிலும் எடைமேடையிலும் உள்ள கண்காணிப்புக் கேமராவின் பதிவு, டிவிஆர் கருவியின் கொள்ளளவைப் பொறுத்து, பல இடங்களில் ஒரு மாதம்கூட நிற்பதில்லை. நிறைந்ததும் பழையதன்மேல் புதியது ஏறிவிடும். ஆகவே ஆணை கையில் கிடைத்த அன்றே அந்தப் பதிவை நகலெடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எடைமேடைக் கணினியில் உள்ள தரவு, சம்பந்தப்பட்டவர்களின் அலுவலக மின்னஞ்சல், வாசல் காவலர் வைத்திருக்கும் வண்டிகளின் வரவு, வெளியேற்றப் பதிவேடு, கேட் பாஸ் அடிக்கட்டை ஆகியவை அடுத்தடுத்து வர வேண்டும். இவற்றைக் கேட்பதே சந்தேகத்தைக் கிளப்பும் என்றால், ஆண்டுத் தணிக்கையோடு சேர்த்து மற்ற சில பதிவேடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்வது பழைய தணிக்கையாளர்களின் வழக்கம்.

காகிதப் பதிவேட்டை வாங்கும்போது பக்கங்களுக்கு எண் இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொடுப்பவரின் முன்னிலையிலேயே எண்ணிட்டு, மொத்தம் இத்தனை பக்கம், இவை வெற்றுப் பக்கம், இவற்றில் அடித்தல் திருத்தல் உள்ளது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கணினிப் பதிவாக இருந்தால் நகலெடுத்த உடனே அதன் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் எண்ணெழுத்துக் கோவையை, குறித்து வையுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், பின்னால் யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட அதுவே வழி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்கீழ், மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கத் தேவைப்படும் சான்றிதழ் படிவத்திலேயே ஹேஷ் மதிப்புக்கு இடம் உண்டு. உள்விசாரணைக்கு நீதிமன்றத்தின் சாட்சிய விதிகள் அப்படியே பொருந்துவதில்லை என்றாலும், விவகாரம் எப்போது காவல் நிலையத்துக்கோ தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ போகும் என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. போகும் என்று எண்ணியே சேகரியுங்கள்.

ஒருவரின் சொந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்க்கவோ, அவருடைய பையைச் சோதனையிடவோ, வீட்டுக்குப் போகவோ உங்களுக்கு அதிகாரம் கிடையாது. காவல்துறையிலிருந்து வந்தவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அங்கே சீருடையோடு இருந்த அதிகாரம் சீருடையோடு போய்விட்டது.

மூன்றாம் படி: திட்டம் ஒரு தாளுக்குள் அடங்கட்டும்

திட்டம் என்றதும் பலர் வண்ண வண்ணக் கட்டங்கள் போட்ட எக்செல் தாளில் இறங்கிவிடுகிறார்கள். அது அவ்வளவு தேவையில்லை. தாளின் இடப்பக்கம், நடந்திருக்கக்கூடியவை என்று நீங்கள் கருதும் எல்லாவற்றையும் எழுதுங்கள். அவற்றுள் குற்றமற்ற விளக்கங்களும் இருந்தே ஆக வேண்டும். எடை குறைந்ததற்கு மோசடி ஒரு காரணம் என்றால், எடைமேடை பழுதாகியிருப்பது, அதன் முத்திரை காலாவதியானது, உற்பத்தி குறைந்ததால் கழிவே குறைந்தது, கழிவில் ஒரு பகுதி உள்ளேயே மறுபடி உருக்கப்படுவது ஆகியவையும் காரணங்களாக இருக்கலாம். வலப்பக்கம், ஒவ்வொன்றையும் உண்மை அல்லது பொய் என்று காட்டக்கூடிய ஆவணம் எது, அது யாரிடம் இருக்கிறது, எதற்குப் பிறகு அதைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் திட்ட மேலாண்மையின் சாரம். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது தெரிந்தால், எந்த வேலை தாமதித்தால் மொத்தமும் தாமதிக்கும் என்பதும் தெரிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் எடைமேடைத் தரவு கைக்கு வராமல் ஸ்டோர்ஸ் எழுத்தரிடம் பேசக் கூடாது; எழுத்தரிடம் பேசாமல் கடைக்காரரிடம் போகக் கூடாது.

நாட்களை மதிப்பிடும்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு எதையும் தராது. மார்ச்சில் ஆண்டுக் கணக்கு. பொங்கலையும் தீபாவளியையும் ஒட்டி பாதிச் சாட்சிகள் ஊரில் இருப்பார்கள், வட மாநிலத் தொழிலாளர்களுக்கு ஹோலியும் சத் பூஜையும் அப்படித்தான். இந்தச் சிறு விவரங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது, ஆனால் அனுபவசாலி ஒருவர் போடும் கால அட்டவணையும் புதியவர் போடுவதும் வேறுபடுவது இங்கேதான்.

இதோடு ஒரு நாட்குறிப்பும் வேண்டும். இன்ன தேதி, இன்ன நேரம், இன்னாரிடமிருந்து இன்ன ஆவணம் பெறப்பட்டது, இன்னாரிடம் பேசப்பட்டது, இன்ன முடிவு எடுக்கப்பட்டது, அதற்கான காரணம் இது என்று அன்றன்றே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் "அந்த மூன்று வண்டிகளை மட்டும் ஏன் எடுத்தீர்கள், மற்றவற்றை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்கப்படும்போது, நினைவிலிருந்து சொல்லும் பதிலுக்கு மதிப்பே இல்லை. மேலிடத்துக்கு வாரம் ஒருமுறை நிலவரம் சொல்லுங்கள். ஆனால் எவ்வளவு வேலை முடிந்தது, எது தடைபட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். யார்மேல் சந்தேகம் என்று பாதியில் சொல்லிவிட்டால், அந்தப் பெயர் மறுநாள் தேநீர் இடைவேளையில் தொழிற்சாலை முழுவதும் சுற்றும்.

நான்காம் படி: ஆட்களுக்கு முன் ஆவணங்கள்

கழிவு இரும்பு வண்டி உள்ளே வரும்போது வெறும் வண்டியாக எடை போடப்படும். சரக்கேற்றிய பின் மறுபடி எடை போடப்படும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சரக்கின் எடை. புதியவர்கள் சரக்கேற்றிய எடையில்தான் தில்லுமுல்லு இருக்கும் என்று அதையே உற்றுப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் பழகியவர் வெற்று வண்டி எடையைப் பார்ப்பார். உள்ளே வரும்போது வண்டியில் தண்ணீர் நிரம்பிய டிரம்களோ மணல் மூட்டைகளோ நாலைந்து ஆட்களோ இருந்து, சரக்கேற்றும் இடத்தில் அவை இறக்கப்பட்டுவிட்டால், வெற்று எடை கூடிக் காட்டி, சரக்கின் எடை அந்த அளவுக்குக் குறைந்துபோகும். எடைமேடை சரியாகவே வேலை செய்யும், ரசீதுகள் எல்லாம் கூட்டல் கழித்தல் பிழையில்லாமல் இருக்கும், தணிக்கையாளர் பச்சை மையில் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. ஒரே பதிவெண் கொண்ட வண்டியின் வெற்று எடைகளை மட்டும் தேதிவாரியாகப் பிரித்து ஒரு பத்தியில் எழுதுங்கள். ஒரு வண்டி பல நாட்களில் 4,200 கிலோவும் சில நாட்களில் 4,650 கிலோவும் காட்டினால், அந்தச் சில நாட்கள்தான் உங்கள் விசாரணை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வெற்று எடையோடு ஒப்பிடுங்கள். 450 கிலோ வித்தியாசம், கிலோ 30 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 13,500 ரூபாய். பிறகு அந்த நாட்களில் எடைமேடையில் பணியிலிருந்தவர் யார், காவலர் யார், வண்டி உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று வருகைப் பதிவேட்டையும் வாசல் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெயர் எல்லா நாட்களிலும் வருகிறதா, வேறு வேறு பெயர்களா? கூடவே குற்றமற்ற விளக்கங்களையும் சோதியுங்கள். மழை நாளா, வண்டிக்கு இடையில் புதிய பாடி கட்டினார்களா, எடைமேடைக்கு அந்த ஆண்டின் முத்திரை இடப்பட்டிருக்கிறதா? இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகு ஒருவரிடம் பேச உட்கார்ந்தால், அவர் சொல்வதில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பது அந்த மேசையிலேயே தெரியும்.

ஆவணத்தை அதன் மூலத்திலிருந்தே வாங்க வேண்டும் என்பதற்கு இந்தியாவில் மறக்க முடியாத ஒரு வழக்கு உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டப்பட்ட ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய தொகை வங்கியில் இருக்கிறதா என்பதை வங்கியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். இருப்பை உறுதிசெய்யக் கோரும் கடிதங்களை அனுப்புவதையும் பதிலைப் பெறுவதையும் தணிக்கையாளர்கள் நிறுவன நிர்வாகத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் எடுத்த நடவடிக்கையில் குறிப்பிட்டது. எடைமேடை ரசீதின் நகலை ஸ்டோர்ஸ் எழுத்தரிடமே கேட்டு வாங்குவது அதன் சிறிய வடிவம்தான்.

ஐந்தாம் படி: வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்கு

ஆட்களைச் சந்திக்கும் வரிசை, நிகழ்ச்சிக்கு மிகத் தொலைவில் இருப்பவரிடமிருந்து தொடங்கி, குற்றம் சாட்டப்பட்டவரிடம் முடிய வேண்டும். முதலில் நடைமுறையை விளக்கக்கூடியவர்; பிறகு பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்; பிறகு பயன் அடைந்திருக்கக்கூடியவர்கள்; கடைசியில் சந்தேகத்துக்குரியவர். மேலாளர்கள் இதற்கு நேர்மாறாக, முதல் நாளே அந்த ஆளைக் கூப்பிட்டு அதட்டச் சொல்வார்கள். அதட்டிக் கிடைப்பது பெரும்பாலும் மறுப்புதான். அதன் பிறகு எந்த ஆவணம் எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வருவதற்குள் அது அங்கே இருக்காது.

சந்திப்பில் உங்களோடு இன்னொருவர் குறிப்பெடுக்க இருக்கட்டும். பெண் ஊழியரிடம் பேசுவதானால் ஒரு பெண் உடனிருக்க வேண்டும். "நீங்கள் வண்டியில் டிரம் இருந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா?" என்று கேட்காதீர்கள். "வண்டி வந்ததிலிருந்து போனதுவரை என்ன நடக்கும், சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் மூத்தவர்களிடம் நான் மிகவும் மதிப்பது அவர்கள் கேட்கும் கேள்விகளை அல்ல, கேட்ட பிறகு பொறுத்திருக்கும் பொறுமையை.

வாக்குமூலத்தின் மொழி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. காவலர் தமிழில் சொல்கிறார். விசாரிப்பவர் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறார். காவலர் படிக்கத் தெரியாத அந்தத் தாளில் கையெழுத்திடுகிறார். பின்னால் அவர் "என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அது பொய்யல்ல. சொன்னவரின் சொற்களிலேயே, அவர் மொழியிலேயே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, "படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது" என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். ஓசூர் போன்ற ஊரில் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசுபவர்கள் ஒரே பணிமுறையில் இருப்பார்கள். மொழிபெயர்ப்பவரின் பெயரும் கையெழுத்தும் அதே தாளில் இருக்கட்டும். திருத்தம் செய்தால் வாக்குமூலம் கொடுத்தவரின் சுருக்கொப்பம் அந்த இடத்தில் வேண்டும்.

ஒருவர் எழுந்து போக விரும்பினால் போக விடுங்கள். கதவைச் சாத்தி, வெளியே ஆளை நிறுத்தி, ஒப்புக்கொள்ளும்வரை உட்கார வைத்தால், அது உங்கள்மேலேயே குற்ற வழக்காகத் திரும்பக்கூடும். ஒப்புதல் கிடைத்தாலும் அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒப்புக்கொண்டவர் சொன்ன தேதிகளும் தொகைகளும் ஆவணங்களோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்; யாரையோ காப்பாற்ற ஒப்புக்கொள்பவர்களும் உண்டு.

ஆறாம் படி: விசாரணையும் ஒழுங்கு நடவடிக்கையும் வேறு வேறு

நீங்கள் இதுவரை செய்தது உண்மையறியும் முதல்நிலை விசாரணை. அதன் அடிப்படையில் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால், குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, அவருடைய விளக்கத்தைப் பெற்று, தனி விசாரணை அலுவலர் ஒருவரைக் கொண்டு முறையான ஒழுங்கு விசாரணை நடத்த வேண்டும். முதல்நிலை விசாரணை செய்த நீங்களே அந்த விசாரணை அலுவலராகவும் உட்காரக் கூடாது. அங்கே நீங்கள் சாட்சி. தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒழுங்கு விதிகளின் 17(ஏ), 17(பி) பிரிவுக் குறிப்பாணைகள் மூலம் இந்த முறை பழக்கமாகியிருக்கும். தனியார் நிறுவனங்களில்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, வழக்கில் தோற்கிறார்கள். ஒழுங்கு விசாரணை அறிக்கையின் நகலைத் தண்டனைக்கு முன் சம்பந்தப்பட்டவருக்குக் கொடுத்து அவர் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்றும் சொன்னது.

காலக்கெடு இங்கே பணமாக மாறுகிறது. தொழிலாளி ஒருவரை இடைநீக்கம் செய்து வைத்தால் அவருக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடு, அதற்கு மேல் 180 நாட்கள்வரை 75 விழுக்காடு, அதையும் தாண்டினால் முழு ஊதியம் என்று வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ, இடைநீக்கம் செய்த நாளிலிருந்து வழக்கமாக 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஆவணங்களைப் பார்த்து முடிக்கும் முன்பே அவசரப்பட்டு இடைநீக்கம் செய்யச் சொன்னால், அந்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்று நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ஆவணங்களில் கைவைப்பார் என்ற அச்சம் இருந்தால் வேறு பிரிவுக்கு மாற்றுவதும் ஒரு வழி.

ஏழாம் படி: அறிக்கை

அறிக்கையில் மூன்று விஷயங்கள் கலக்கக் கூடாது. ஆவணம் காட்டுவது ஒன்று. அதிலிருந்து நீங்கள் ஊகிப்பது இன்னொன்று. உங்கள் கருத்து மூன்றாவது. "வெற்று எடை 450 கிலோ கூடுதலாகப் பதிவாகியுள்ளது" என்பது முதலாவது. "வண்டியில் வேறு பொருள் இருந்திருக்க வேண்டும்" என்பது இரண்டாவது. "எழுத்தருக்குத் தெரியாமல் இது நடந்திருக்காது" என்பது மூன்றாவது, பெரும்பாலான அறிக்கைகளில் இது இடம்பெறவே தேவையில்லை. உள்விசாரணைக்குக் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்று காட்டினால் போதும். அந்தச் சலுகையை நம்பி அளக்காமல் எழுதிவிடக் கூடாது. கிடைக்காத ஆவணம் எது, பேச மறுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். வண்டி உள்ளே வரும்போது காவலர் ஏறிப் பார்க்கும் நடைமுறை இல்லை என்பது போன்ற குறைபாடுகளைத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். ஒருவரின் தவறும் நிறுவனத்தின் ஓட்டையும் ஒரே பத்தியில் வந்தால் இரண்டுமே நீர்த்துப்போகும்.

இல்லாத அனுபவத்தை எங்கிருந்து பெறுவது

அனுபவம் இல்லாதவருக்கு அது இருப்பவரைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. விசாரணை அனுபவம் உள்ளவரைவிட அந்த வேலையைத் தெரிந்தவர் பல நேரங்களில் அதிகம் உதவுவார். எடைமேடை தந்திரங்களை ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். வங்கிகளில் விழிப்புப் பணிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் பணம் போன தடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள். பெயர்களையும் நிறுவனத்தையும் சொல்லாமல், "இப்படி ஒரு பதிவேட்டில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று மட்டும் அவர்களிடம் கேளுங்கள்.

அப்படிப்பட்டவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, விடுப்பே எடுக்காதவர் யார் என்பது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் நடந்த மோசடி 2018 ஜனவரியில் வெளிப்பட்ட விதம் இதை விளக்கும். நெடுநாள் அந்தப் பொறுப்பிலிருந்த அலுவலர் ஓய்வுபெற்ற பின், வழக்கம்போல் வங்கி உறுதிக்கடிதம் கேட்டு வந்தவர்களிடம் புதிய அலுவலர் விதிப்படி முழு ரொக்க மார்ஜின், அதாவது கடிதத் தொகை முழுவதையும் ரொக்கப் பிணையாக, கேட்டார். முன்பெல்லாம் அது இல்லாமலே வாங்கியிருக்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். கிளையின் பதிவுகளிலோ அப்படி எதுவும் இல்லை. முக்கியப் பொறுப்புகளில் உள்ள வங்கி ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து குறைந்தது 10 வேலைநாட்கள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் கூறியிருக்கிறது.

அனுபவம் கண்ணை மறைக்கும் இடமும் உண்டு. முப்பது ஆண்டு பணியாற்றிய ஒருவர் கடிதத்தைப் படித்ததுமே "இது ஸ்டோர்ஸ்காரன் வேலைதான்" என்று சொல்லிவிடுவார். பத்தில் எட்டு முறை அவர் சொன்னது சரியாகவே இருக்கும். மீதி இரண்டில் ஒரு நிரபராதியின் வேலை போகும். மூன்றாம் படியில் சொன்ன அந்தத் தாளை, குற்றமற்ற விளக்கங்களோடு, அவர் முன்னால் வைப்பதற்குப் புதியவராகிய நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

வேலை முடிந்த பின்

மூலப் பதிவேடுகளைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். நகல்களையும் நாட்குறிப்பையும் பட்டியலிட்டுப் பூட்டி வையுங்கள். உங்கள் மடிக்கணினியில் தனி நகல் எதுவும் தங்கக் கூடாது.

இந்த அனுபவத்தைப் பின்னால் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், அதற்கும் ஒரு தனிப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். மோசடி ஆய்வாளர்களுக்கான சிஎஃப்இ சான்றிதழுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்புள்ள பணி அனுபவம் கேட்கப்படுகிறது. திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி தேர்வுக்கு, நான்காண்டுப் பட்டம் உள்ளவர் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்தியிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, உங்கள் பொறுப்பு என்ன, எத்தனை பேர் கொண்ட குழு என்பவற்றை நினைவிலிருந்து எழுதுவது கடினம். உள்விசாரணையைத் திட்டமாகக் கணக்கிட முடியுமா என்று சிலர் தயங்குகிறார்கள். தொடக்கமும் முடிவும் எழுத்தாணையும் குழுவும் கையளிக்கப்பட்ட அறிக்கையும் இருந்தால் அதைத் திட்டமாக விவரிக்கலாம் என்பதே என் கருத்து. மாதம், புகாரின் வகை, நீங்கள் செய்த வேலை, எடுத்துக்கொண்ட நாட்கள் ஆகியவற்றை மட்டும் அந்தப் பதிவில் எழுதுங்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயரோ, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய பிரிவோ, தொகையோ அதில் இருக்க வேண்டாம்.